குளிர்ந்த கண்ணாடியில் ஒளிக்கு வழி

கண்ணாடிக் கலை என்றதும் பலருக்கும் உலைதான் நினைவுக்கு வரும். நீண்ட இரும்புக் குழாயின் முனையில் செம்மஞ்சளாகத் தொங்கும் உருக்கு, அதை ஊதிப் பெருக்கி உருட்டிக்கொண்டே இருக்கும் கலைஞர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருவெடுத்துவிடும் குடுவை. விறுவிறுப்பான வேலை அது. அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் இன்னொரு கண்ணாடிக் கலை இருக்கிறது. உலையிலிருந்து வந்த கண்ணாடி முழுவதும் ஆறி, கை வைத்துத் தொடக்கூடிய நிலைக்கு வந்த பிறகே அது தொடங்குகிறது. அங்கே ஊதுவதும் வளைப்பதும் கிடையாது. அறுப்பது, அரைப்பது, தேய்ப்பது, மெருகேற்றுவது, இவ்வளவுதான். பெரிய சிற்பம் என்றால் மாதக்கணக்கில் ஆகும். கலைஞர் கட்டியிலிருந்து எடுத்துக்கொண்டே போகிறார். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

இந்தக் குளிர்ந்த கண்ணாடிச் சிற்பத்தின் முன்னோடிகளில் முக்கியமானவர் செக் நாட்டுச் சிற்பி வாட்ஸ்லாவ் சிக்ளர். அவருடைய பாதையைப் பின்தொடர்ந்தால் கலை வரலாற்றோடு பொருளறிவியலின் அருமையான பாடம் ஒன்றும் கிடைக்கிறது. அவர் கையில் எடுத்த பொருள் லென்ஸும் பட்டகமும் செய்வதற்காக உருக்கப்பட்ட ஒளியியல் கண்ணாடி. அது எப்படி உடைகிறது, ஒளி அதற்குள் எப்படிப் பயணிக்கிறது என்ற இரண்டையும் கை அறிந்திருந்தால்தான் அந்தக் கட்டியில் ஒரு முகத்தையாவது ஒழுங்காக வெட்ட முடியும்.

நோவி போரிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு

சிக்ளர் 1929-இல் மொராவியப் பகுதியின் வ்செட்டீன் ஊரில் பிறந்தவர். நோவி போர் ஊரில் உள்ள கண்ணாடித் தொழிற்பள்ளியில் படித்துவிட்டு, 1951 முதல் 1957 வரை பிராக் நகரின் பயன்கலைக் கல்லூரியில் யோசெப் காப்லிட்ஸ்கியிடம் பயின்றார். காப்லிட்ஸ்கி ஓவியர், சிற்பி. கண்ணாடியைப் பூச்சாடிக்கும் கோப்பைக்குமான பொருளாக மட்டும் பார்க்காமல், ஓவியமும் சிற்பமும் செய்வதற்குரிய பொருளாகப் பார்க்க ஒரு தலைமுறையையே பழக்கியவர்.

அந்த மண்ணில் கண்ணாடியைக் குளிர்ந்த நிலையில் செதுக்குவது புதிதல்ல. பிராகில் பேரரசர் இரண்டாம் ருடால்பின் அவையில் இருந்த மணிக்கல் செதுக்குநர் காஸ்பர் லேமான், ரத்தினக் கற்களில் உருவம் செதுக்கும் சக்கரத்தைக் கண்ணாடியில் பயன்படுத்தி, 1609-இல் அதற்கான தனி உரிமையும் பெற்றார். இன்னும் பின்னால் போனால் 4-ஆம் நூற்றாண்டின் ரோமானியக் கண்ணாடிக்காரர்கள் தடித்த கண்ணாடிக் கிண்ணத்தைக் குடைந்து, உள் கிண்ணத்தைச் சுற்றிக் கூடுபோல் உருவங்கள் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள லைகர்கஸ் கிண்ணம் அப்படிப்பட்டது. ஆக, பொறுமையாகக் குடையும் கை பழையது. சிக்ளரிடம் புதியது அவர் எடுத்துக்கொண்ட கட்டியும், அதிலிருந்து அவர் எதிர்பார்த்த பலனும்.

காலமும் ஒருவகையில் கைகொடுத்தது. 1948-க்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி. உருவமற்ற ஓவியத்தையும் சிற்பத்தையும் அரசு சந்தேகத்தோடு பார்த்தது. கண்ணாடியோ நாட்டின் ஏற்றுமதித் தொழில், அலங்காரப் பொருள் என்ற கணக்கில் இருந்ததால் கண்காணிப்பு தளர்ந்தே இருந்தது. கான்வாஸில் செய்ய முடியாததைக் கண்ணாடியில் செய்ய முடிந்தது. 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியக் கண்ணாடிக்குக் கிடைத்த வரவேற்பு அந்த இடத்தை இன்னும் உறுதிப்படுத்தியது.

1960-களில் இரண்டு வழிகள் தெளிவாகப் பிரிந்தன. 1963-இல் பிராக் கல்லூரியின் கண்ணாடிப் பிரிவுக்குத் தலைமையேற்ற ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கி, தன் மனைவி யாரோஸ்லாவா பிரிக்டோவாவுடன் சேர்ந்து, அச்சுக்குள் கண்ணாடியை உருக்கிப் பெரிய சிற்பங்கள் செய்தார். 1965-இல் பிராட்டிஸ்லாவாவின் நுண்கலைக் கல்லூரியில் கட்டடக்கலையில் கண்ணாடி என்ற பிரிவைத் தொடங்கிய சிக்ளர், ஒளியியல் கண்ணாடியை அரைத்து மெருகேற்றும் வழியைக் கற்பித்தார். 1979 வரை அதை நடத்தினார். லிபென்ஸ்கி வழியில் கண்ணாடியின் நிறமும் தடிமனும் பேசும். சிக்ளர் வழியில் கண்ணாடி கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாமல் விலகிக்கொள்ளும். சுற்றியுள்ள சன்னல், மரம், நடந்துபோகிற மனிதர் எல்லாம் அதற்குள் வந்து வளைந்து, பிரிந்து, தலைகீழாகி நிற்பார்கள். முட்டை, கூம்பு, வட்டத்தகடு, பட்டகம் என்று அவர் எடுத்துக்கொண்ட வடிவங்கள் எளிமையானவை. சிலவற்றில் மெல்லிய உலோகப் படலம் பூசி, துண்டுகளை ஒட்டினார். வடிவம் எளிமையாக இருந்தால்தான் ஒளி செய்கிற வேலை தனித்துத் தெரியும்.

கட்டி பிறக்கும் விதம்

சன்னல் கண்ணாடியின் ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் பச்சையாகத் தெரியும். மணலோடு வந்த இரும்பு ஆக்சைடுதான் காரணம். சில மில்லிமீட்டர் தடிமனில் அது உறுத்தாது. முப்பது சென்டிமீட்டர் தடிமனுள்ள கட்டியில் அதே கண்ணாடி கரும்பச்சையாகிவிடும். ஆகவே கட்டியாகச் செதுக்க வேண்டுமென்றால் இரும்பு மிக மிகக் குறைவாக உள்ள கண்ணாடி வேண்டும். அதோடு குமிழி இருக்கக்கூடாது. சர்க்கரைப் பாகு தண்ணீரில் கரையும்போது தெரியும் இழைகள் கண்ணாடிக்குள்ளும் உண்டு; கலவை சீராக இல்லாத இடங்கள் அவை. அதுவும் கூடாது.

இந்த இழைகளைப் போக்க உருக்கைக் கலக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, சுடுமண் கோலால் கலக்கிக் காட்டியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் லூயி கினான், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1884-இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட், எர்ன்ஸ்ட் அபேயுடன் சேர்ந்து தொடங்கிய கூடம், கண்ணாடியின் வேதிக் கலவையை மாற்றி ஒளிவிலகலையும் நிறப்பிரிகையையும் வேண்டியபடி அமைக்கலாம் என்று காட்டியது. பேரியம், போரான், காரீயம் என்று சேர்க்கைகள் மாற மாற, ஒரே பெயருள்ள பொருள் பல குணங்கள் கொண்ட குடும்பமாக விரிந்தது.

உருக்கி ஊற்றிவிட்டால் வேலை முடிவதில்லை. கண்ணாடி வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். வெளிப்பக்கம் ஆறி இறுகும்போது உள்பக்கம் இன்னும் சூடாக இருக்கும். பிறகு உள்பக்கம் சுருங்க முயலும்போது, ஏற்கெனவே இறுகிவிட்ட வெளிப்பக்கம் அதற்கு இடம் கொடுக்காது. அந்த இழுபறி கண்ணாடிக்குள் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பார்வைக்குப் பளிங்குபோல் இருக்கும் கட்டி, சக்கரம் பட்டதும் இரண்டாகப் பிளந்துவிடுவது இதனால்தான். இதைத் தவிர்க்க, சுமார் 500 டிகிரி செல்சியஸுக்கு அருகில் கட்டியை நிறுத்திவைத்து, பிறகு மெல்ல மெல்ல ஆறவைக்க வேண்டும். இங்கே ஒரு கடுமையான கணக்கு உண்டு: தடிமன் இரண்டு மடங்கானால் ஆறும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. அமெரிக்காவின் பலோமார் மலைத் தொலைநோக்கிக்காக 1934 டிசம்பரில் கார்னிங் நிறுவனம் வார்த்த 200 அங்குலக் கண்ணாடி வட்டை ஆறவைக்க ஏறக்குறைய பத்து மாதங்கள் பிடித்தன. சிற்பிக்கு வரும் கட்டி அவ்வளவு பெரியதல்ல. அதற்கும் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

கட்டிக்குள் இறுக்கம் மிச்சமிருக்கிறதா என்று வெட்டுவதற்கு முன்பே பார்க்கலாம். ஒளியை ஒரே தளத்தில் அதிரவைக்கும் போலராய்டு தகடுகள் இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, நடுவில் கட்டியை நிறுத்தினால், இறுக்கமில்லாத கண்ணாடி இருட்டாகவே இருக்கும். இறுக்கம் இருந்தால் வெளிச்சத் திட்டுகளும், அதிகமானால் நிறப் பட்டைகளும் தோன்றும். இந்த விளைவை ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் 1810-களிலேயே விளக்கினார். இன்றும் பெரிய கட்டியில் கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் சோதனை இதுதான்.

சிறுகச் சிறுக உடைத்தல்

கண்ணாடியை அரைக்கும்போது நடப்பது என்ன? மரத்தைச் சீவினால் சுருள் வரும். உலோகத்தைக் கடைந்தால் இழை வரும். இரண்டிலும் பொருள் வளைந்து கொடுத்துப் பிரிகிறது. கண்ணாடி வளைந்து கொடுக்காது, உடையும். அரைப்பது என்பது லட்சக்கணக்கான சின்னஞ்சிறு உடைப்புகளின் கூட்டுத்தொகை.

அது ஏன் என்பதை விளக்கியவர் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமானங்களுக்கான ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஏ. ஏ. கிரிஃபித். 1921-இல் வெளியான அவருடைய ஆய்வு இன்றைய முறிவியலின் அடித்தளம். அணுப் பிணைப்புகளின் வலிமையை வைத்துக் கணக்குப் போட்டால் கண்ணாடி இப்போது இருப்பதைவிடச் சுமார் நூறு மடங்கு இழுவையைத் தாங்க வேண்டும். தாங்குவதில்லை. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் எப்போதும் இருக்கின்றன. இழுக்கும் விசை முழுவதும் விரிசலின் கூர்முனையில் போய்க் குவிகிறது என்றார் கிரிஃபித். துணிக்கடையில் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டுவிட்டுச் சர்ரென்று கிழிப்பார்களே, அந்த வெட்டு செய்கிற வேலையைத்தான் விரிசலும் செய்கிறது. கண்ணாடியை இழையாக இழுத்தால், அது மெலிய மெலிய விரிசலுக்கு இடம் குறைகிறது. ஆகவே மெல்லிய கண்ணாடி இழை தடித்த கம்பியைவிடப் பல மடங்கு வலிமை காட்டுகிறது. இதை அவர் சோதித்தே காட்டினார்.

கிரிஃபித் சொன்ன விரிசலைத்தான் குளிர்ந்த கண்ணாடிச் சிற்பி தன் கருவியாக்கிக்கொள்கிறார். சிலிக்கன் கார்பைடு துகள் ஒன்று கண்ணாடியின் மேல் அழுந்தினால் இரண்டு வகை விரிசல்கள் பிறக்கின்றன. ஒன்று நேராகக் கீழே இறங்கும். மற்றொன்று பக்கவாட்டில் ஓடி மேலே வந்து, ஒரு சில்லைப் பெயர்த்துத் தள்ளும். பெயர்ந்த சில்லு சிற்பிக்கு வேண்டியது. கீழே இறங்கிய விரிசல் வேண்டாதது. அது மேலே தெரியும் பள்ளத்தைவிட மூன்று நான்கு மடங்கு ஆழத்தில் ஒளிந்திருக்கும்.

ஆகவே வேலை படிப்படியாக இறங்க வேண்டும். வைரத் துகள் பதித்த ரம்பம்போன்ற சக்கரத்தில் கட்டியை அறுத்து உருவத்தின் எல்லையைப் பிடிப்பார்கள். 1954-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் செயற்கை வைரம் உருவானதும், இப்படிப்பட்ட கருவிகள் பெருகியதும் இந்தக் கலைக்குக் கிடைத்த பெரிய வரம். பிறகு சுழலும் இரும்புத் தட்டின்மேல் தண்ணீரும் சிலிக்கன் கார்பைடு பொடியும். 80-ஆம் எண் பொடியின் துகள் சுமார் 180 மைக்ரான். அடுத்து 220-ஆம் எண், சுமார் 60 மைக்ரான். பிறகு 400, சுமார் 17 மைக்ரான். 600-இல் 9 மைக்ரான் அளவுக்கு வந்துவிடும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு பொடிக்கும் ஒரே கடமைதான்: முந்தைய பொடி விட்டுச்சென்ற விரிசலின் அடிவரை தேய்த்து அழிப்பது, தன் பங்குக்கு அதைவிடச் சிறிய விரிசலை விட்டுச்செல்வது.

பட்டறைகளில் இதைச் சரிபார்க்க எளிய முறை ஒன்று உண்டு. தேய்க்கும் முன் முகம் முழுவதும் பென்சிலாலோ பேனாவாலோ குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுவார்கள். தேய்த்து எடுத்துப் பார்த்தால் எங்கே கோடு அழியவில்லையோ அங்கே தட்டு தொடவில்லை, அது பள்ளம். கோடுகள் முழுவதும் அழிந்த பிறகும் நிறுத்த மாட்டார்கள். மறுபடி கோடு போட்டு, மறுபடி அழிப்பார்கள். முதல் தடவை போவது மேடு. அடுத்தடுத்த தடவைகளில் போவது ஒளிந்திருக்கும் விரிசல். அடுத்த பொடிக்குப் போகும் முன் கட்டி, தட்டு, கை, மேசை எல்லாவற்றையும் கழுவியாக வேண்டும். 80-ஆம் எண் துகள் ஒன்றே ஒன்று 600-ஆம் எண் தட்டில் தங்கிவிட்டாலும் நீளமான கீறல் விழும். வந்த வழியே திரும்பிப் போய் மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

இன்னொரு நுட்பத்தையும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அரைத்த முகம் வெள்ளையாக, பனிபடர்ந்ததுபோல் இருக்கும். அதன் மேல் தண்ணீரைத் தடவினால் சட்டென்று உள்ளே தெரியும். பள்ளங்களில் காற்று இருக்கும்போது, ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் 1-இலிருந்து 1.5-க்குத் தாவுகிறது, ஒளி கண்டபடி சிதறுகிறது. தண்ணீர் நிரம்பினால் தாவல் 1.33-இலிருந்து 1.5 மட்டும்தான், சிதறல் குறைந்துவிடுகிறது. ஆகவே கட்டிக்குள் பார்க்க விரும்பினால் முகத்தை நனைப்பார்கள். முகத்தின் குறையைப் பார்க்க விரும்பினால் அது உலரும்வரை காத்திருப்பார்கள். ஈரம் குறையை மறைக்கும். உலர்ந்ததும் ஒவ்வொரு கீறலும் வெளியே வந்து நிற்கும்.

தண்ணீர் பார்வைக்கு மட்டுமல்ல. உராய்வில் பிறக்கும் சூட்டை அது உடனே எடுத்துச் செல்கிறது. இல்லையென்றால் சூடான இடம் விரிந்து, பக்கத்தில் உள்ள குளிர்ந்த இடத்தோடு மோதி வெடிக்கும். நுரையீரலுக்குள் போனால் ஆறாத நோய் தரக்கூடிய கண்ணாடித் தூசி காற்றில் எழாமல் பிடித்துவைப்பதும் அதுதான்.

வைரம் முடிக்காததை முடிக்கும் பொடி

600-ஆம் எண் பொடியோடு தேய்ப்பு முடிந்தபோதும் முகம் மங்கலாகவே இருக்கும். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 0.55 மைக்ரான். பள்ளங்கள் அதைவிட வெகுவாகச் சிறுத்தால்தான் ஒளி சிதறாமல் நேராகப் போகும். அந்தக் கடைசித் தூரத்தை எப்படிக் கடப்பது?

நியூட்டன் காலத்திலிருந்து பலரும் நினைத்தது, மெருகு என்பது இன்னும் மெல்லிய அரைப்பு என்று. அப்படியானால் மிகக் கடினமான வைரப் பொடியே மிகச் சிறந்த மெருகைத் தர வேண்டும். நடைமுறையில் கண்ணாடிக்கு மிக விரைவாகவும் நன்றாகவும் மெருகு ஏற்றுவது சீரியம் ஆக்சைடு. மோஸ் அளவுகோலில் அதன் கடினம் சுமார் 6; கண்ணாடியும் ஏறக்குறைய அதே அளவுதான். தன்னளவே கடினமுள்ள பொடி கண்ணாடியைச் சீவ முடியாது. அங்கே நடப்பது பெரும்பாலும் வேதியியல்.

கண்ணாடி என்பது சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கைகோத்த வலை. தண்ணீர் மூலக்கூறு அந்தப் பிணைப்பை உடைத்து நுழைந்து, மேற்பரப்பில் மிக மெல்லிய, மென்மையான, நீரேறிய படலத்தை உண்டாக்குகிறது. சீரியம் ஆக்சைடு துகள் நெருங்கும்போது அதன் சீரியமும் கண்ணாடியின் சிலிக்கனும் ஒரு ஆக்சிஜன் வழியாக ஒட்டிக்கொள்கின்றன. துகள் நகரும்போது அந்தத் துணுக்கும் கூடவே போகிறது. விரிசல் விடாமல், கிட்டத்தட்ட மூலக்கூறு மூலக்கூறாகக் கண்ணாடி கழன்று போகிறது. இதற்குத் தண்ணீர் எவ்வளவு அவசியம் என்றால், அதற்குப் பதிலாக மண்ணெண்ணெய் போன்ற திரவத்தில் பொடியைக் கலந்து தேய்த்தால் மெருகு ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வேகமும் குறைவுதான், மணிக்கு ஓரிரு மைக்ரான் கழன்றால் நல்ல வேகம். ஆகவேதான் முந்தைய படியில் ஆழமான விரிசல் ஒன்றை விட்டுவிட்டு மெருகுக்கு வருபவர் நாள்கணக்கில் தேய்த்தும் அதைப் போக்க முடியாது.

இந்தச் சீரியத்துக்கும் நம் கடற்கரைக்கும் தொடர்பு இருக்கிறது. அது கிடைக்கும் முக்கியத் தாதுக்களில் ஒன்று மோனசைட். கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் கண்டறிந்தார். அன்றைக்குத் தேடப்பட்டது அதில் உள்ள தோரியம். காஸ் விளக்கின் வலைக்கு அது தேவைப்பட்டது. அதே மணலில் உள்ள அருமண் தனிமங்களில் அளவில் முதலிடம் சீரியத்துக்குத்தான். இன்று மணவாளக்குறிச்சியில் பொதுத்துறையின் கனிம மணல் ஆலை இயங்குகிறது.

ஒரு கன சதுரத்துக்குள் இருக்கும் ஆடிகள்

மெருகேறிய ஒரு கன சதுரக் கண்ணாடியைக் கையில் எடுத்து ஒரு முகத்தின் வழியாக உள்ளே பாருங்கள். எதிர் முகம் திறந்த சன்னல்போல் இருக்கும். பக்கத்து நான்கு முகங்களும் வெள்ளி பூசிய ஆடிபோல் மின்னும். அவற்றின் வழியாக வெளியே எதையும் பார்க்க முடியாது. யாரும் ரசம் பூசவில்லை. இந்த ஆடிகள் எங்கிருந்து வந்தன?

ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடியிலிருந்து ஒளி வெளியேற வேண்டுமானால், முகத்தின் செங்குத்துக் கோட்டிலிருந்து 41.8 டிகிரிக்குள் வந்து மோத வேண்டும். அதற்கு மேல் சாய்ந்து வந்தால் ஒரு துளிகூட வெளியே போகாமல் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்பு இதுதான். முன் முகத்தின் வழியாக நுழையும் எந்தக் கதிரும் விலகலுக்குப் பிறகு 41.8 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. அப்படியானால் பக்க முகத்தில் அது மோதும் கோணம் குறைந்தது 48.2 டிகிரி. வெளியேறவே முடியாது. ஒளிவிலகல் எண் 1.414-ஐத் தாண்டிய எந்தப் பொருளின் கன சதுரத்துக்கும் இது பொருந்தும். தண்ணீருக்கு 1.33 என்பதால் அதில் இது நடக்காது.

சிக்ளர் போன்றவர்களின் கலை நிற்பது இந்தக் கணக்கின் மேல். ஒரு முகத்தைச் சில டிகிரி சாய்த்தால் ஆடி சன்னலாகிவிடும், சன்னல் ஆடியாகிவிடும். முகத்தை உருண்டையாக்கினால் லென்ஸாகி, எதிரில் உள்ள உலகைத் தலைகீழாகக் காட்டும். சாய்ந்த இரு முகங்கள் சேர்ந்தால் பட்டகமாகி நிறங்களைப் பிரிக்கும். ஒரு முகத்தை மெருகேற்றாமல் மங்கலாகவே விட்டுவிட்டால் அங்கே மென்மையான வெளிச்சம் தேங்கும். உள்ளே உள்ள மற்ற ஆடிகளெல்லாம் அந்த வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும். காரீயம் அதிகமுள்ள கண்ணாடியில் ஒளிவிலகல் எண் 1.62-ஐ எட்டும். ஒளி வெளியேறுவதற்கான எல்லையான மாறுநிலைக் கோணம் 38 டிகிரியாகக் குறையும். ஆடிகள் பெருகும், நிறங்கள் இன்னும் அகலமாக விரியும். கலவையைத் தேர்ந்தெடுப்பதும் சிற்பத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

பார்வையாளரும் இதில் அசைந்தாக வேண்டும். கல் சிற்பத்தைச் சுற்றி வந்தால் அதன் மறுபக்கம் தெரியும். இந்தக் கண்ணாடிச் சிற்பத்தைச் சுற்றி ஓரடி வைத்தாலே உள்ளே உள்ள அமைப்பு முழுவதும் கலைந்து வேறொன்றாகிறது. கண்ணாடி துளியும் அசையவில்லை. கதிர் வரும் கோணம்தான் மாறியது. ஒரே கட்டி, ஒரே சிற்பம், எண்ணற்ற தோற்றங்கள். சிற்பி செதுக்கியது ஒளி போகும் வழிகளை.

தொழிற்சாலைக்குள் குடியேறிய சிற்பி

அமெரிக்காவில் இந்தக் கலை வேறு வழியில் வந்து சேர்ந்தது. கார்னிங் நிறுவனத்தில் ஜெஸ்ஸி லிட்டில்டன் என்ற இயற்பியலாளர் இருந்தார். பைரக்ஸ் பாத்திரம் பிறந்த கதையில் அவருக்கும் அவர் மனைவிக்கும் இடமுண்டு. கண்ணாடிச் சாடியின் அடிப்பகுதியில் அந்த அம்மையார் கேக் சுட்டுப் பார்த்த கதை அது. கண்ணாடி தன் எடையாலேயே இளகி நீளும் வெப்பநிலைக்கு இன்றும் ஜெஸ்ஸி லிட்டில்டனின் பெயர் வழங்குகிறது. அவருடைய மகன் ஹார்வி லிட்டில்டன் 1962-இல் டொலீடோ அருங்காட்சியகத்தில் பட்டறை நடத்தி, பெரிய ஆலை இல்லாமலே கலைஞர் தன் இடத்திலேயே சிறு உலையில் கண்ணாடி உருக்கலாம் என்று காட்டினார். அங்கிருந்து எழுந்ததுதான் அமெரிக்கத் தனிப்பட்டறைக் கண்ணாடி இயக்கம்.

அந்த ஹார்வியிடம் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படித்தவர் கிறிஸ்டோஃபர் ரீஸ். ஆலையை விட்டு விடுபடக் கற்றுக்கொடுத்த ஆசிரியரின் மாணவர், ஆலையைத் தேடியே போனார். அவர் விரும்பியது ஒரே கட்டியிலிருந்து, ஒட்டு எதுவுமில்லாமல் செதுக்கும் பெரிய சிற்பம். குமிழியும் இழையும் இல்லாத அவ்வளவு பெரிய கட்டியைச் சிறு உலையில் உருக்க முடியாது, ஆறவைக்கவும் முடியாது. பென்சில்வேனியா மாநிலத்தின் டூரியா ஊரில் ஷாட் நிறுவனத்தின் ஒளியியல் கண்ணாடி ஆலை இருக்கிறது. கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் அணுக்கருப் பிணைவை ஆராயும் மாபெரும் லேசர் கூடத்துக்கான லேசர் கண்ணாடியை உருக்கிய இரண்டு ஆலைகளில் ஒன்று அது. 1986-இல் ரீஸ் அந்த ஆலையின் உறைவிடக் கலைஞரானார். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள கட்டிகளை அங்கே அறுத்து, அரைத்து, மெருகேற்றிச் சிற்பமாக்கினார். வெளிப்புறத்தில் ஒன்றிரண்டு வெட்டு முகங்கள்தான் இருக்கும். அவை உள்ளே பல மடங்காகப் பெருகிப் பூவிதழ்போல் விரியும்.

குளிர்ந்த கண்ணாடிச் சிற்பியின் தொழில்வாழ்க்கை ஏன் இப்படி அமைகிறது என்பது இங்கே விளங்குகிறது. ஊதும் கலைஞர் ஒரே நாளில் பல முறை முயன்று, பிடிக்காததை உலைக்கே திருப்பி அனுப்பலாம். குளிர்ந்த கட்டியில் தவறான வெட்டுக்குப் பரிகாரம் ஒன்றுதான்: சிற்பத்தைச் சிறியதாக்குவது. ஆகவே வரைபடத்திலும் மாதிரி வடிவத்திலும் யோசிக்கும் காலம் நீளும். வாழ்நாளில் முடிக்கும் பெரிய சிற்பங்களின் எண்ணிக்கை குறையும். கட்டிக்காக ஆலையை அண்டியிருக்க வேண்டும். சிக்ளருக்கும் ரீஸுக்கும் ஆட்சி வேறு, நாடு வேறு. ஆனாலும் இருவரின் கலையும் நாட்டில் ஒளியியல் தொழில் வளர்ந்திருந்ததால்தான் சாத்தியமானது. பெரிய கட்டி கிடைக்காதவர்கள் சிறு துண்டுகளை மெருகேற்றி ஒட்டி வளர்க்கிறார்கள். அமெரிக்காவின் ஜான் கூன் அப்படி ஆயிரக்கணக்கான துண்டுகளால் கட்டிய கன சதுரங்களுக்குப் பெயர்பெற்றவர். ஒட்டும் பசையின் ஒளிவிலகல் எண்ணும் கண்ணாடியின் எண்ணும் நெருங்கி இருந்தால் ஒட்டிய இடம் கண்ணில் படாது.

நம்மிடம் இருக்கும் கை

இந்தத் திறமை நமக்கு அந்நியமானதல்ல. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் முதன்மை ஆடி 2.34 மீட்டர் விட்டமுள்ளது. அதன் கண்ணாடி வட்டு வெளிநாட்டிலிருந்து வந்தது. அதை அரைத்து, மெருகேற்றி, விண்மீனின் ஒளியைக் குவிக்கும் துல்லியத்துக்குக் கொண்டுவந்தது பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பட்டறை. அங்கே நடந்ததும் இதே வேலைதான்: முந்தைய விரிசலை அடுத்த பொடியால் அழிப்பது, ஈரத்தில் ஏமாறாமல் உலர்ந்த பிறகு பார்ப்பது, மைக்ரானுக்கும் கீழே போகும் பொறுமை. கொல்கத்தாவில் உள்ள மத்திய கண்ணாடி, மட்பாண்ட ஆய்வு நிறுவனம் ஒளியியல் கண்ணாடியை உருக்கும் தொழில்நுட்பத்தை இந்த நாட்டில் உருவாக்கியது. பொடிக்கு வேண்டிய தனிமம் நம் கடற்கரை மணலில் இருக்கிறது.

இல்லாதது இவற்றுக்கிடையே ஒரு பாலம். சிக்ளரின் வகுப்பில் சிற்ப மாணவன் பட்டகம் எப்படி வேலை செய்கிறது என்று கற்றான். டூரியா ஆலையில் லேசர் கண்ணாடி உருக்கும் இடத்திலேயே ஒரு சிற்பிக்கும் இடம் கிடைத்தது. இரண்டும் பெருஞ்செலவு பிடிக்கிற காரியங்கள் அல்ல. லென்ஸ் செய்ய உதவாது என்று ஒதுக்கப்படும் கட்டிகளைக் கவின்கலைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கலாம். தொலைநோக்கி ஆடியை மெருகேற்றிய மூத்த பணியாளர்கள் சில வாரங்கள் அந்த மாணவர்களோடு அமரலாம். இயற்பியல் மாணவர்கள் முழு அக எதிரொளிப்பைத் தாளில் வரைவதோடு நிறுத்தாமல், ஒரு கண்ணாடித் துண்டைத் தாங்களே அரைத்து, 41.8 டிகிரி என்பது கையில் என்ன கனம் கனக்கிறது என்று உணரலாம். கல்லிலும் வெண்கலத்திலும் பொறுமைக்குப் பெயர்பெற்ற சிற்பிகள் வாழும் நாட்டில், ஒளியை உள்ளே விட்டுச் செதுக்கும் இந்தப் பொருளும் அவர்கள் கைக்கு வந்து சேர வேண்டும்.